இது மட்டும் ஏன் இவ்வளவு கூட?

வெள்ளவத்தையில் காலி வீதியோரம் இருந்த ஒரு புடவைக் கடையில் துணி கிழித்து விற்றவன் நான். என் வாழ்நாளில் அதிகம் கேட்ட கேள்வி எது என்று யாரும் கேட்டால் யோசிக்கவே தேவையில்லை. "தம்பி, ரெண்டும் ஒரே நிறம், ஒரே கரை. இது மட்டும் ஏன் இவ்வளவு கூட?"

இதற்கு நாங்கள் வாயால் பதில் சொல்வதில்லை. இரண்டு சேலைகளையும் எடுத்து மறுபக்கம் திருப்பி மேசையில் விரித்துவிடுவோம். மலிவானதில் நூல் தொங்கும், பூவுக்குப் பூ தாண்டிப்போன இழை பின்னால் வெட்டாமல் கிடக்கும். கூடினதில் பின்பக்கமும் முகம் கழுவித் துடைத்துவிட்டது போல இருக்கும். கடைக்கு வரும் ஒரு அம்மா சொல்லுவா, "முன்பக்கம் கலியாண வீட்டுக்கு, பின்பக்கம் காலத்துக்கு" என்று. அவ சொன்னதை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். நான் படித்தது கொஞ்சம்தான். சனம் சொல்வதைச் சேர்த்து வைத்துத்தான் மிச்சத்தைப் படித்தேன்.

அப்படி வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்கு விலைக்குக் காரணம் சொன்ன எனக்கு, ஒரு நாள் அதே கேள்வியை நானே கேட்டுக்கொண்டு நிற்க வேண்டி வந்தது. சேலைக்கு இல்லை. கறன்ரில், அதாவது மின்சாரத்தில், ஓடும் சைக்கிளுக்கு.

அது சண்டைக் காலம். அதன் கடைசிப் பகுதி என்று இப்போது சொல்கிறோம். அப்போது அதுதான் கடைசி என்று யாருக்குத் தெரியும்?

என் மனைவிக்குச் சின்ன வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து இடது கால் மெலிந்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே பிடிப்பில்லை. நடப்பாள். இடது தொடையில் கையை ஊன்றி, ஒவ்வொரு அடிக்கும் அந்தக் காலுக்கு ஏதோ நல்ல வார்த்தை சொல்லிக் கூட்டிக்கொண்டு போவது போல நடப்பாள். ஆனால் கை என்றால் அது வேறு கை. சேலைக்குப் பிளவுஸ் தைப்பதில் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரை அவளுக்குப் பேர் இருந்தது. அவள் வெட்டிய கழுத்தைப் பார்த்துவிட்டு, "இது அளவு எடுத்து வெட்டினதில்லை, ஆளைப் பார்த்து வெட்டினது" என்று ஒருத்தி சொன்னதை நானே காதால் கேட்டிருக்கிறேன்.

அளவு எடுக்கவும், போட்டுப் பார்த்துத் திருத்தவும் வீடுகளுக்கு அவளே போவாள். கொட்டாஞ்சேனைக்குப் பஸ்ஸில் போவாள். அந்த நாளில் பஸ்ஸில் போவது என்றால் இருந்துகொண்டு போவது மட்டுமல்ல. சோதனைச் சாவடி வந்ததும் எல்லாரும் இறங்க வேண்டும். அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையாக நடந்து, பார்த்து முடிந்ததும், கொஞ்சம் தள்ளிப் போய் நிற்கும் அதே பஸ்ஸில் திரும்ப ஏற வேண்டும். சனம் ஓட்டமும் நடையுமாகப் போகும். பிந்தினால் இருந்த சீட் போய்விடும். என் மனைவி எப்போதும் கடைசி ஆள். கொண்டக்டர் பஸ்ஸின் உடம்பில் தட்டித் தட்டி அவளை அவசரப்படுத்துவான்.

ஒரு நாள் அவளை ஏற்றாமலே பஸ் புறப்பட்டுவிட்டது.

பஸ் போனதுகூடப் பெரிதில்லை. அவளுடைய துணிப்பை சீட்டுக்குக் கீழே கிடந்தது. அந்தக் காலத்தில் ஆளில்லாத பை ஒன்று பஸ்ஸில் கிடந்தால் என்ன நடக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. யாரோ அதைக் கண்டு கத்த, பஸ் நடுவீதியில் நிற்க, உள்ளே இருந்த அத்தனை பேரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து இறங்கியிருக்கிறார்கள். இவள் தொடையில் கையை ஊன்றியபடி பின்னால் நடந்து போய்ச் சேர்ந்து, "அது என்ரை பை" என்று சொல்லியிருக்கிறாள். அத்தனை பேரும் பார்த்து நிற்க, தானே உள்ளே ஏறி அதை எடுத்து வந்து, வீதியில் வைத்து, ஒவ்வொரு துணியாக உதறிக் காட்டியிருக்கிறாள். யாரோ ஒருத்தி குழந்தையைக் கட்டிப் பிடித்தபடி இவளைத் திட்டினாளாம். "அவளைக் குறை சொல்லேலாது, அவளும் பயந்து போனாள்" என்றாள் என் மனைவி, அன்று பின்னேரம் என்னிடம் இதைச் சொல்லும்போது. பிறகு உதறிய துணிகளை மடித்துக்கொண்டே சொன்னாள்:

"இனி நான் ஒரு இடமும் போகேல்லை."

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குப் பயமிருந்திராது. கோபம் சோறு வடிக்கிற நேரம் வரைதான். இவள் அதை, கடையில் நூல் முடிந்துவிட்டது என்று சொல்வது போலச் சொன்னாள்.

அதன் பிறகு அவள் உலகம் எங்கள் மூன்றாம் மாடி வீடும் தையல் மெஷினும்தான். கிட்ட இருக்கிறவர்கள் படியேறி வந்தார்கள். தூர இருக்கிறவர்களுக்கு ரெலிபோனில் அளவு கேட்டாள். "ரெலிபோனிலை உடம்பு தெரியாது" என்று அவளே சொல்லுவாள். மாலையில் நான் வரும்போது பல்கனியில் நின்று, கடலுக்கு இறங்கும் எங்கள் ஒழுங்கையின் முடிவில் தெரியும் கடல்துண்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். முன்பெல்லாம் நான் உள்ளே வந்ததும் அவள்தான் கதை சொல்லுவாள், இன்றைக்கு யார் என்ன சொன்னார்கள் என்று. இப்போது நான் கடைக்கதை சொல்ல, அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் கதை ஒரு பக்கமாகவே ஓடத் தொடங்கியது.

அப்போதுதான் கொட்டாஞ்சேனை ரீச்சரின் ரெலிபோன் வந்தது. அந்த ரீச்சருடைய மகளுக்கு முதலாவது பள்ளிக்கூடச் சட்டை தைத்ததே என் மனைவிதான். அந்தப் பிள்ளைக்கு இப்போது கலியாணம். கூறைச் சேலைக்குப் பிளவுஸ் தைக்க வேண்டும். அளவெடுக்கப் பிள்ளை வெள்ளவத்தைக்கு வந்து போய்விட்டாள். ஆனால் கடைசியாகப் போட்டுப் பார்ப்பது பொன்னுருக்குக்குப் பிறகு. தாலிக்குப் பொன் உருக்கினபின் பெண் வீட்டுப்படி தாண்டக் கூடாது என்பது எங்கள் ஆட்களின் வழக்கம்.

"முந்திப் போட்டுப் பார்த்து வைச்சால் என்ன, ரீச்சர்?" என்று இவள் கேட்டாள்.

ரீச்சரின் குரல் எனக்கே கேட்டது. "கலியாணக் கிழமையிலை எந்தப் பொம்பிளையடி ஒரே அளவிலை இருக்கிறாள்? ஒண்டில் பயத்திலை மெலிவாள், இல்லையெண்டால் பலகாரத்திலை ஊதுவாள். நீர் வந்துதான் ஆகவேணும்."

"வாறன், ரீச்சர்" என்று சொல்லி ரெலிபோனை வைத்தவள், அதன்மேல் வைத்த கையை எடுக்காமல் இருந்தாள்.

"நான் லீவு போட்டிட்டு ஓட்டோவிலை கூட்டிக்கொண்டு போறன், யோசியாதையும்" என்றேன்.

"இந்த ஒரு முறைக்குச் சரி. பிறகு? ஒவ்வொரு வீட்டுக்கும் நீங்கள் என்னைக் காவிக்கொண்டு திரியப் போறீங்களோ? நான் என்ன பார்சலோ?"

 

கறன்ற் சைக்கிள் ஒன்றை நான் முதலில் கண்டது தெஹிவளைச் சந்தியில். ஒரு மனிதர் காலை ஆட்டாமல் வந்தார், சத்தமில்லாமல் வந்தார். ஏதோ சரிவில் இறங்குகிறவர் போல நேர்வீதியில் வந்தார். மிதிக்கத் தேவையில்லை, வலது கைப்பிடியை முறுக்கினால் போதும் என்றார். நான் அவருடைய கால்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, "சும்மா ஒரு இடம் போட்டு வருவம்" என்று மனைவியை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு பஞ்சிகாவத்தைக்குப் போனேன். வாகனச் சாமான் என்று எதைத் தேடினாலும் அங்கேதான்.

கடையில் இரண்டு சைக்கிள்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரண்டும் சிவப்பு. இரண்டிலும் சேலையோடு ஏறி இருக்கக்கூடியதாக நடுவில் கம்பி தாழ்ந்திருந்தது. ஒன்றின் விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு மற்றது.

என் வாயிலிருந்து அது தானாக வந்தது. "தம்பி, ரெண்டும் ஒரே மாதிரித்தானே இருக்கு. இது மட்டும் ஏன் இவ்வளவு கூட?"

அங்கே நின்ற விற்பனையாளர் ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து கொழும்புக்கு வந்தவர். மூன்று பிள்ளைக்காரர் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தார்.

"இங்க நிக்கிறப்ப ரெண்டும் ஒண்ணுதாங்க ஐயா. ஏறுற எடத்துலதான் வெல தெரியும்."

"எங்கடை வெள்ளவத்தையிலை ஏத்தம் எங்கை, தம்பி? ஒழுங்கையாலை இறங்கினால் கடல்."

"கொட்டாஞ்சேனையிலை இருக்கு" என்றாள் மனைவி. "மற்றது, மூண்டாம் மாடி இருக்கு."

நான் மறுபக்கம் பார்க்கும் வேலையைத் தொடங்கினேன். சேலையைத் திருப்பலாம், சைக்கிளைத் திருப்ப முடியுமா? ஆகவே நானே குனிந்து, நிலத்தில் ஒரு கையை ஊன்றி, அடிப்பக்கத்தைப் பார்த்தேன். மலிவானதில் வயர்கள் வெளியே வந்து கறுத்த நாடாவால் கட்டப்பட்டிருந்தன. சீட்டுக்குக் கீழே பெரிய பெட்டி. கூடினதில் வயர் ஒன்றுமே தெரியவில்லை. எல்லாம் குழாய்க்குள் போயிருந்தன. பற்றரிகூட, சீட்டைத் தாங்கும் குழாய்க்குப் பின்னால், அதே சிவப்பில், சட்டத்தோடு சட்டமாக ஒட்டிக்கொண்டு நின்றது. சொல்லாவிட்டால் பற்றரி என்று தெரியாது.

"ஐயா சரியான எடத்தத்தான் பாக்குறீங்க" என்றார் விற்பனையாளர். "இதுல ஈயம். பாரமா இருக்கும், ஒரு வருசம் ஒன்றர வருசத்துல சோந்து போயிரும். அதுல வேற சாதி, லிதியம்னு சொல்றாங்க. லேசு, ரொம்ப நாள் ஒழைக்கும். மோட்டருக்குள்ள பல்லுச் சில்லுங்ககூட ஒரு மாதிரி இல்லங்க. பிரேக்கும் வேற. மழையில புடிச்சா தெரியும்."

மனைவியும் தன் பங்குக்கு ஆராய்ந்தாள். குழாயும் குழாயும் சேரும் இடங்களில் விரலை ஓட்டிக்கொண்டு போனாள், தோள் மூட்டுத் தையலைப் பார்க்கிறது போல. மலிவானதில் ஓரிடத்தில் விரல் நின்றது. "இதிலை தையல் பிசகியிருக்கு" என்றாள். விற்பனையாளர் குனிந்து பார்த்துவிட்டு, "அம்மா அத ஒட்டுன்னு சொல்லுவோம்" என்றார். "என்னெண்டாலும் சொல்லும். பிசகினது பிசகினதுதான்" என்றாள் இவள்.

பிறகு கேட்டாள், "இதை எங்கை வைச்சு சார்ஜ் பண்ணுறது?"

"வீட்டுலதாங்க. ராவுல பிளக்குல குத்திட்டா காலையில ரெடி."

"எங்கடை தொடர்மாடியிலை கீழே பிளக் இல்லை. சைக்கிள் மேலே வராது. பற்றரிதான் மேலே வரவேணும். ஆர் தூக்கிறது?"

மலிவானதின் பெட்டியைக் கழற்றுவதற்கு ஸ்பானர் வேண்டும் என்றார். கழற்றி நிலத்தில் வைத்தார். மனைவி ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் தூக்கிப் பார்த்தாள். அரை மூட்டை அரிசி போல அது அசையவில்லை. கூடினதுக்கு ஒரு சின்னத் திறப்பு. பூட்டில் போட்டுத் திருகினார், இழுத்தார், பற்றரி மேசை லாச்சி வருவது போல வந்தது. அதை வாங்கி ஒரு கையில் பிடித்தாள். மேலே உயர்த்தினாள். இறக்கினாள். கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோகும் துணிப்பையின் பாரம்தான் இருக்கும். அதை மார்போடு வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

எனக்கு உள்ளே வேறு கணக்கு ஓடியது. சத்தமில்லை, வயர் தெரியாது, பற்றரி இருப்பதே தெரியாது. இந்தக் காலத்தில் எங்கள் சனத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒருவர் கண்ணிலும் படாமல் போய், ஒருவர் காதிலும் விழாமல் வந்துவிடலாம். கூடின விலை அதற்குத்தான் என்று நான் முடிவெடுத்தேன். அவள் தூக்கிப் பார்த்த பாரத்தை நான் சரியாகக் கவனிக்கவில்லை.

எப்படி வாங்கினோம் என்பதைச் சொல்லி உங்கள் நேரத்தைக் கொல்ல மாட்டேன். வாங்கினோம். விற்பனையாளர் சந்தோஷத்தில் ஒரு மணியைச் சும்மா பூட்டித் தந்தார், சாதாரணச் சைக்கிள் மணி. "சத்தமே இல்லாத வண்டிக்கு இதாவது இருக்கட்டும்மா" என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. சத்தமில்லாததுக்கென்று இவ்வளவு கொடுத்துவிட்டு மணி எதற்கு?

அவள் சைக்கிள் ஓடப் பழகியது எங்கள் ஒழுங்கையில். காலி வீதியிலிருந்து தண்டவாளம் வரை அது நேராக இறங்கும். முதல் நாள் நான் பின்னால் கரியரைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். நாலைந்து வீடு தாண்டவில்லை, பிரேக்கைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

"நீங்கள் போய்த் தண்டவாளத்தடியிலை நில்லுங்கோ."

"விழுந்தால்?"

"நீங்கள் பிடிச்சால் நான் உங்களைத்தான் ஓட்டுறன், சைக்கிளை இல்லை. போங்கோ."

போய் நின்றேன். அவள் விழுந்தாள். வலது காலை ஊன்றி எழும்பினாள். மறுபடியும் விழுந்தாள். பல்கனிகளில் சனம் கூடிவிட்டது. "அக்கா, நிலத்தைப் பாராதேங்கோ, தூரத்தைப் பாருங்கோ!" என்று ஒருவர். "ஹாண்டிலை இறுக்காதேங்கோ, அது என்ன ஓடிப்போயிடுமே?" என்று இன்னொருவர். ஆலோசனை சொல்ல எங்கள் ஆட்களுக்குச் சைக்கிள் ஓடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவள் ஒருவரையும் பார்க்கவில்லை. அந்தக் கிழமை முடிவதற்குள், ஒரு மாலையில், கடல்காற்றுக்கு எதிரே, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, நேராக என்னை நோக்கி வந்தாள். ஊன்றுவதற்குத் தொடை தேடாமல் இரண்டு கையும் ஹாண்டிலில் இருந்தன. கலியாணம் கட்டி இத்தனை வருஷத்தில், அவள் என்னை நோக்கி வேகமாக வருவதை நான் அன்றுதான் முதல்முதல் கண்டேன். எப்போதும் நான்தான் அவளிடம் போயிருக்கிறேன்.

பொன்னுருக்கு முடிந்தது. ரீச்சர் ரெலிபோன் எடுத்தா. "நாளைக்கு வாறன்" என்றாள் இவள்.

நான் லீவு போட்டேன். வேண்டாம் என்றாள். பின்னால் பஸ்ஸில் வருகிறேன், உம்முடைய கண்ணில் பட மாட்டேன் என்றேன். சிரித்தாள். காலையில் துணிப்பையைச் சைக்கிள் கூடையில் வைத்து, ஹெவ்லொக் டவுன் பக்கமாகத் திரும்பிப் போனாள். பின்னால் வந்த பஸ்ஸில் நான் ஏறினேன்.

பொரளைக்கு முன்னால் சோதனைச் சாவடி. பஸ் நின்றது, எல்லாரும் இறங்கினோம். அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையில் நின்ற நான், வாகனங்கள் வரும் பக்கத்தைப் பார்த்தேன். வழியில் எங்கோ பஸ் அவளை முந்தியிருக்க வேண்டும். அவள் அப்போதுதான் வந்துகொண்டிருந்தாள், சத்தமில்லாமல்.

அந்தச் சத்தமில்லாததுதான் வினையாயிற்று. ஓட்டோ ஒன்றைச் சோதித்துவிட்டு நிமிர்ந்த சிப்பாய், தனக்கு மிகக் கிட்ட ஒரு சிவப்புச் சைக்கிள் நிற்பதைக் கண்டு திடுக்கிட்டு ஒரு அடி பின்னால் போனான். துவக்கைப் பிடித்த கை மாறியது. "எஞ்சின் எக்க கோ?" என்று கேட்டான். எஞ்சின் எங்கே? மிதிக்காமல் வந்த சைக்கிளில் எஞ்சின் இல்லை. வயர் இல்லை. பெட்டி இல்லை. அவள் பின்னால் இருந்த தடித்த குழாயைக் காட்டினாள். உள்ளே ஏதோ இருக்கிற குழாய்! அந்தக் காலத்தில் ஒரு தமிழ் மனுசி சிப்பாய்க்குக் காட்டக் கூடாத ஒன்று இருந்தால் அதுதான்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஒளித்து வைத்திருப்பதற்கென்று கூடக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். எங்களுக்கு ஒளித்தது ஆகாது. எங்களுக்குத் திறந்து காட்டக்கூடியதுதான் ஆகும். மலிவானதின் அசிங்கமான பெட்டியும் நாடா கட்டின வயரும் அந்த நேரம் எனக்குத் தங்கமாகத் தெரிந்தன.

ஓடிப் போக வேண்டும் போல இருந்தது. சோதனைச் சாவடியில் யாரும் ஓடுவதில்லை. ஓடினால் அவளுக்குத்தான் கூடாது. வரிசை நகர நானும் நகர்ந்தேன். அவள் சொல்வது கேட்கும் தூரம்.

"எளியட்ட கன்ன" என்றான் சிப்பாய். வெளியே எடு.

அவள் இறங்கினாள். சைக்கிளைப் பிடித்தால் திறப்பைத் திருக முடியாது, திறப்பைத் திருகினால் ஊன்றிக்கொள்ள ஒன்றுமில்லை. பஸ் சனத்துக்கு முன்னால் துணியை ஒவ்வொன்றாக உதறிய நாள் எனக்கு நினைவு வந்தது. அவளுக்கும் வந்திருக்கும். பிறகு, யாரோ தெரிந்த பிள்ளையிடம் சொல்வது போல, "மல்லி, பொட்டக் அல்லன்ன" என்றாள். தம்பி, இதைக் கொஞ்சம் பிடி.

சிப்பாய் அவள் காலைப் பார்த்தான். துவக்கை முதுகுக்குத் தள்ளிவிட்டு, ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டான்.

அவள் சீட்டில் கையை ஊன்றித் திறப்பைத் திருகினாள். பற்றரியை இழுத்தாள். இரண்டு கையாலும் ஏந்தி அவனிடம் நீட்டினாள். அவன் தயங்கி வாங்கினான். முகம் மாறிவிட்டது. உயர்த்திப் பார்த்தான், பக்கத்தில் நின்றவனிடமும் கொடுத்தான். "ஹரி செஹெல்லுய்னே!" என்றான். என்ன லேசு! பிறகு அவன் கேட்டது பாதுகாப்புக் கேள்வி இல்லை. நான் ஆயிரம் தரம் கேட்ட கேள்வி.

"கீயத?" என்ன விலை?

அவள் விலையைச் சொன்னாள்.

"அய்யோ அக்கே! எய் எச்சர?" ஏன் அவ்வளவு?

வரிசையில் நின்ற நான் மனதுக்குள் பதில் தேடினேன். லிதியம், பிரேக், பல்லுச் சில்லு. கடைக்காரன் புத்தி. அவள் பற்றரியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னாள்:

"தனியம யன்ன புளுவன், மல்லி."

தனியாகவே போகலாம், தம்பி. அவ்வளவுதான் சொன்னாள். என்னைக் கண்டாளா என்று தெரியாது. கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. பற்றரியைச் செருகிப் பூட்டி, ஏறி, கைப்பிடியை முறுக்கிப் போனாள். நான் பஸ்ஸில் திரும்ப ஏறும்போது என் சீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். எனக்கு அது ஒன்றுமாகத் தெரியவில்லை.

மருதானை நெரிசலில் பஸ் மாட்டிக்கொண்டது. நான் ரீச்சர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் எனக்கு முன்பே வந்து, கொட்டாஞ்சேனை ஏற்றத்தையும் ஏறி முடித்து, ஊசிகளை வாயில் கவ்வியபடி கலியாணப் பெண்ணைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். பெண் மெலிந்துதான் இருந்தாள். மூலையில் இஸ்திரிப்பெட்டியைக் கழற்றிவிட்டு அந்தப் பிளக்கில் பற்றரியைக் குத்தியிருந்தார்கள்.

"உம்மடை மனுசி இண்டைக்குத்தான் முதல்முதலாய் எங்கடை வீட்டிலை ஆறுதலாய் இருக்கிறா" என்றா ரீச்சர் என்னிடம். "முந்தியெல்லாம் ஒரு கண் துணியிலை, ஒரு கண் மணிக்கூட்டிலை. பஸ் போயிடும், இருட்டிப்போயிடும் எண்டு ஒரே பறப்பு. இண்டைக்குப் பற்றரி நிறையுமட்டும் இருந்து சாப்பிட்டுத்தான் போறாவாம்."

மனைவி ஊசிகளை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நீங்கள் ஏன் வந்தனீங்கள்?"

"சும்மா. இந்தப் பக்கம் ஒரு அலுவல்."

"அலுவல் முடிஞ்சால் போங்கோ. நான் வருவன்."

பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ரீச்சர் எனக்கு ஒரு கோப்பை தேத்தண்ணி தந்து, குடித்து முடித்ததும் வாசல்வரை வந்து அனுப்பியும் வைத்தா.

பின்னேரம் எங்கள் ஒழுங்கை வாசலில், காலி வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன் என்றுதான் முதலில் சொல்ல வந்தேன், ஆனால் கேட்பதற்கு என்ன இருக்கிறது? பஸ்கள் போயின, ஓட்டோக்கள் போயின. சாவடியில் வேறு சிப்பாய் மாறி நிற்பானோ, மல்லி என்று கூப்பிட்டால் திரும்பாத ஒருவனாக இருப்பானோ என்று மனம் சுழன்றது. கழுத்து வலிக்கும்வரை வீதியின் ஒரே பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதுகுக்குப் பின்னால் மணி அடித்தது.

உள்வீதிகளால் சுற்றி, அடுத்த ஒழுங்கையால் இறங்கி, தண்டவாளத்தடியால் திரும்பி, கடல் பக்கமிருந்து ஏறி வந்திருக்கிறாள். தேவையில்லாத சுற்று. "ஏன் உந்தப் பக்கத்தாலை?" என்றேன். "சும்மா. கடலைக் கிட்டப் பார்த்துக் கனநாள்" என்றாள். சாவடி வரும்போது தூரத்திலிருந்தே மணியை அடித்துக்கொண்டு போனாளாம். நின்றவன் வேறு ஆள்தானாம். மணியைக் கேட்டுத் திரும்பிச் சிரித்துவிட்டு, அவள் கேட்குமுன்னமே ஹாண்டிலைப் பிடித்தானாம். காலையில் நின்றவன் சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும்.

சைக்கிளைக் கீழே கம்பியோடு பூட்டினாள். பற்றரியை இழுத்து எடுத்தாள். நான் கையை நீட்டினேன்.

"விடுங்கோ, இதுக்குத்தானே கூடக் குடுத்தது" என்றாள். "நீங்கள் துணிப்பையைக் கொண்டு வாங்கோ."

ஒரு கையில் பற்றரி, மறுகையில் படிக்கைப்பிடி. அவள் முன்னால் ஏறினாள், நான் பையோடு பின்னால். முதல் மாடி திரும்பும்போதே, ரீச்சர் வீட்டில் யார் என்ன சொன்னார்கள் என்று தொடங்கிவிட்டாள்.